மருமகனோடு வந்த லெவான்

என் மருமகன் எங்கள் வீட்டுக்கு இரண்டு பெட்டிகளோடும் ஒரு போத்தலோடும் வந்தார். பெட்டிகளில் என்ன இருந்தது என்பது எனக்கு இப்போது ஞாபகமில்லை. அந்தப் போத்தலை மட்டும் உயிருள்ளவரை மறக்க மாட்டேன்.

கல்முனைப் பக்கத்தில் நிக்காஹ் முடிந்தால் பெண் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் மகளுக்குத்தான். நாங்களும் அப்படியே வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நானும் வீட்டுக்காரரும் பின்பக்கத்து இரண்டு அறைகளுக்கும் குசினிக்கும் ஒதுங்கிக்கொண்டோம். ஒதுங்கியது என்று சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். குசினி என் கையில் இருக்கும்வரை வீடு யார் பேரில் இருந்தால் என்ன?

ஒன்றுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எங்கள் வீட்டு வழக்கப்படி மாமியும் புது மருமகனும் முகத்துக்கு முகம் கதைப்பதில்லை. இப்போது பல வீடுகளில் இதைக் கைவிட்டுவிட்டார்கள். நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் தமிழ் ஆசிரியையாக வகுப்பறையில் கத்திய தொண்டைக்கு இது பெரிய தண்டனை. நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்ல, மகள் அவரிடம் சொல்ல, அவருடைய பதில் மகள் வழியாகத் திரும்பி வரும். பிரதேச செயலகத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்யும் பிள்ளை, வீட்டுக்கு வந்தும் அதே வேலையைச் செய்தாள்.

மருமகன் தோஹாவில் ஒரு பிரெஞ்சுக்காரரின் பேக்கரியில் எட்டு வருடம் வேலை செய்தவர். நாற்பது நாள் விடுமுறையில் கல்யாணத்துக்கு வந்திருந்தார். வந்த மறுநாள் காலை அந்தப் போத்தல் எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தது. வாய் அகன்ற கண்ணாடிப் போத்தல், மேலே துணி கட்டியிருந்தது. உள்ளே கூழ் மாதிரி கரைத்த மா, அது தானாகக் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. குனிந்து மணந்து பார்த்தேன்.

“இஞ்சப் பாருங்க, இது கள்ளு மணக்குது” என்று வீட்டுக்காரரின் காதில் சொன்னேன்.

அவர் நெல் வியாபாரி, எதற்கும் அவசரப்படாத மனிதர். லுஹர் தொழுதுவிட்டு வரும் வழியில் பள்ளிவாசல் ஹஸரத்திடம் கேட்டுக்கொண்டு வந்தார். ஹஸரத் சிரித்தாராம். அரபியில் அதைக் கமீர் என்பார்கள், பேக்கரிப் பாணைப் பொங்க வைப்பதற்குப் போடுவது, பயப்பட ஒன்றுமில்லை என்றாராம். மகள் வழியாக மருமகனும் விளக்கம் அனுப்பினார்.

“அது லெவானாம் உம்மா. ஈஸ்ட்டுக்குப் பதிலாப் போடுறதாம். அந்த பிரெஞ்சுக்காரர் இவருக்குக் குடுத்தாராம். ஆறு வருசமா இவர்தான் அதுக்கு மா குடுத்து வளர்க்காராம்.”

லெவான். இந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. ஓய்வு பெற்ற பிறகும் சொல்லைக் கண்டால் சும்மா இருக்க முடியாத புத்தி எனக்கு. ஃபோனை எடுத்துத் தேடினேன். பிரெஞ்சில் எழுப்புவதற்கு ஒரு சொல் இருக்கிறது, அதன் பிள்ளைதான் இந்த லெவான். ஆங்கிலக்காரர் அதை எப்போதோ வாங்கி லெவன் என்று ஆக்கிக்கொண்டார்கள். சிரியா, லெபனான் இருக்கும் ஷாம் தேசத்துப் பக்கத்தை வெள்ளைக்காரர் லெவாண்ட் என்று சொன்னதும் அதே வேரில்தான், சூரியன் எழும்பும் திசை என்று. எங்கள் வீட்டுக்கு முன்னால் கடலிலிருந்துதான் சூரியன் எழும்புகிறது, எங்களை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. அமெரிக்காவில் ஆற்று வெள்ளத்தை மறிக்க மண்ணை உயர்த்திப் போடும் கரைக்கும் லெவீ என்று அந்தக் குடும்பத்துப் பேர்தான் என்று வாசித்துக் காட்டியபோது வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப எங்கட வயல் வரம்பும் லெவானா?”

தோஹா பேக்கரியில் அந்தச் சொல் பட்ட பாட்டை மருமகன் மகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்ததை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். பிலிப்பீன்காரர் லெபான் என்பாராம். எகிப்துக்காரர் லீஃபான் என்பாராம். நேபாளத்துக்காரர் இருவர் அதற்கு ஜீ சேர்த்து லெவான்ஜீ என்று மரியாதையாகக் கூப்பிடுவார்களாம். பிரெஞ்சுக்கார முதலாளி முதலில் திருத்திப் பார்த்தாராம், பிறகு பாண் பொங்கினால் சரி என்று விட்டுவிட்டாராம்.

சரியான மனிதர் என்று நினைத்தேன். நாங்கள் போர்த்துக்கீசரிடம் வாங்கிய பாணை எப்படி உச்சரிக்கிறோம் என்று லிஸ்பனில் யாரும் கவலைப்படுகிறார்களா? மேசையும் கதிரையும் அலுமாரியும் கப்பலில் வந்து இறங்கியவைதான். இன்றைக்கு அவை எங்கள் வீட்டுப் பிள்ளைகள்.

சொல்லில் நான் மயங்கியிருந்தபோது என் மகள் வேறொரு கவலையில் இருந்தாள். மருமகனுக்குத் திரும்பிப் போக விருப்பமில்லை. எங்கள் ஊர்ச் சந்திக்குப் பக்கத்தில் பேக்கரி வைத்திருக்கும் ஒருவரிடம் போய்க் கதைத்திருந்தார். காலையில் உங்கள் பாண் சுடும் போறணையைத் தாருங்கள், இந்த லெவான் பாணைப் போட்டுப் பார்ப்போம் என்று. பேக்கரிக்காரர் முகம் கொடுத்துக் கதைப்பவர், ஆனால் கறாரானவர். நாற்பதாம் நாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமை நாற்பது பாண் போடுங்கள், பின்னேரம் அஸருக்குப் பிறகு, தெருத்தெருவாகப் பாட்டுப் போட்டு விற்கும் பாண் ஆட்டோவில் அனுப்புவோம், விற்று முடிந்து வந்தால் போறணை உங்களுக்கு, திரும்பி வந்தால் நீங்கள் ஞாயிறு பிளேன் ஏறுங்கள் என்று சொல்லிவிட்டார்.

ஏறினால் இரண்டு வருடம். டிக்கெட் கடதாசியை மருமகன் அலுமாரிக் கண்ணாடியின் ஓரத்தில் செருகி வைத்திருந்தார். என் மகள் காலையில் வேலைக்குப் போகும்போது அந்தக் கண்ணாடிக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று தலை வாரினாள். அதைக் கண்ட நாளிலிருந்து எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

எனக்குத்தான் இறங்கவில்லை, மருமகனுக்கு நான் குறை வைக்கவில்லை. புது மாப்பிள்ளைக்கு நாற்பது நாளும் விருந்துதான். இடியப்பம், பிட்டு, ஆப்பம், இறால், கோழி, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்த வட்டிலப்பம் என்று மேசையில் கை வைக்க இடமிருக்காது. இதில் ஒரு விளையாட்டு இருக்கிறது. மாப்பிள்ளை “போதும்” என்பார். அதை நம்பக்கூடாது. அவர் போதும் என்பது அவருடைய மரியாதை, இன்னும் ஓர் அகப்பை வைப்பது எங்களுடைய மரியாதை. போதும் என்றதும் நிறுத்திய மாமியைப் பற்றி ஊர் என்ன கதைக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படிக் கதைத்தவர்களில் நானும் ஒருத்தி.

மூன்றாம் நாளே ஒரு களவும் செய்தேன். மருமகன் சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிக்குப் போன நேரம் போத்தலிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, தேங்காய்த் தண்ணீர் விட்டுக் கரைத்த என் ஆப்ப மாவில் கலந்தேன். எழுப்புவதென்றால் எழுப்பிக் காட்டட்டுமே என்றுதான். யா அல்லாஹ், மறுநாள் மண்முட்டியைத் திறந்தால் மா விளிம்புக்கு வந்திருந்தது. ஆப்பத்தின் நடுவில் தேன்கூடு மாதிரிக் கண் கண்ணாகப் பொங்கியிருந்தது. மருமகன் ஏழு ஆப்பம் சாப்பிட்டார். “இண்டைக்கு ஆப்பம் வேற மாதிரி இரிக்கே” என்று மகளிடம் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு ஆறு நாள் இருக்கையில், மகளும் மருமகனும் பாலமுனையில் அவருடைய உம்மா வீட்டு விருந்துக்கு மூன்று நாள் போனார்கள். அந்த வீட்டில் ஓடி விளையாடும் பிள்ளைகள் அதிகம், யாராவது தட்டிவிடுவார்கள் என்று பயந்து மருமகன் போத்தலை என்னிடம் விட்டுப்போனார். மகள் கட்டளையை ஒப்புவித்தாள்.

“ஒரு நாளைக்கு ஒரு தடவ, ரெண்டு கரண்டி கோதும மா, ரெண்டு கரண்டி தண்ணி. அது போதுமாம். வேற ஒண்டும் போட வேணாமாம், உம்மா.”

போதுமாம். இதைக் கேட்டதும் என் காதுக்கு என்ன விளங்கியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மாமிக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்று பிள்ளை அடக்கமாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆறு வருடம் வளர்த்தது, கடல் கடந்து வந்திருக்கிறது, அதுவும் இந்த வீட்டுக்குப் புதிது. அதற்கு வெறும் மாவும் தண்ணீரும் வைத்தால் நான் என்ன மாமி?

முதல் நாள் மாவோடு ஒரு கரண்டி சீனியும் கொஞ்சம் பால்மாவும் போட்டேன். அது நுரைத்துக்கொண்டு எழும்பியது. பார்த்தீர்களா, பிள்ளை பசியோடு இருந்திருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் பெருமையடித்தேன். இரண்டாம் நாள் ஒரு முட்டை மஞ்சள் கருவும் டின்னில் வரும் இனிப்பு ரின்பால் இரண்டு கரண்டியும் ஊற்றினேன். அன்று பின்னேரம் அது கொஞ்சம் சோர்ந்த மாதிரி இருந்தது. ஆகவே மூன்றாம் நாள் நல்ல பசுநெய் விட்டேன்.

வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போத்தலைப் பார்த்தார்.

“ஏன் புள்ள, மருமகன்ட போத்தலுக்குள்ள வட்டிலப்பமா செய்யிற?”

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவர்கள் வந்தபோது போத்தலில் அசைவில்லை. மேலே நெய் மிதந்தது, கீழே சாம்பல் நிறத்தில் தண்ணீர் பிரிந்திருந்தது. மணத்தைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். மருமகன் துணியை அவிழ்த்தார், பார்த்தார், திரும்பக் கட்டினார். போத்தலை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

மகள் குசினிக்கு ஓடி வந்தாள். “உம்மா, என்ன போட்டீங்க?”

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பால்மா வரைக்கும் அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். முட்டை என்றதும் சிரித்துவிட்டாள். நெய் என்றதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. முன்றானையால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தம் வெளியே போகக்கூடாது என்று அழுதாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்குக் காரணம் நான்.

மூன்று நாளில் ஆகக்கூடிய காரியமா? தோஹாவிலிருந்து இன்னொரு போத்தல் வரவழைக்க நாளில்லை. புதிதாக ஒன்றைத் தொடங்கினால் அது தேறி வரப் பல நாள் வேண்டுமாம். ஈஸ்ட் போட்டுப் பாண் சுட்டால் அது பேக்கரிக்காரரே சுடும் பாண்தான், அதற்கு இவர் எதற்கு?

நான் முக்காட்டைச் சரி செய்துகொண்டு முன் மண்டபத்துக்குப் போனேன். மருமகன் என்னைக் கண்டதும் திடுக்கிட்டு எழுந்து நின்றார். முப்பத்தைந்து நாளில் நாங்கள் முதல் தடவையாக முகத்துக்கு முகம் நின்றோம். அவருடைய இடது புருவத்தில் ஒரு தழும்பு இருப்பதையே அப்போதுதான் கண்டேன்.

“மருமகன், பிழ என்டதான். நீங்க போதும் எண்டு சொன்னத்த நான் நம்பல்ல. என்ன ஏசுங்க.”

அவர் போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன்.

“மாமி” என்றார். “அதுக்கும் மாப்பிள்ளச் சாப்பாடு குடுத்திரிக்கீங்க.”

சிரித்துவிட்டார். கண் கலங்கித்தான் இருந்தது, ஆனாலும் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கண்டதும் எனக்கு வாய் நிற்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ளத் தொடங்கினால் எல்லாவற்றையும் கொட்டிவிடும் ஆள் நான்.

“இன்னொரு களவும் இரிக்கி, மருமகன். வந்த மூணாம் நாள் உங்கட போத்தல்ல ஒரு கரண்டி எடுத்து ஆப்ப மாவுல போட்டன். சொல்லாம எடுத்தது குத்தம். மன்னிச்சிடுங்க.”

அவருடைய சிரிப்பு நின்றது. “ஆப்ப மாவுலயா? அந்த மா இப்ப எங்க மாமி?”

“அண்டைக்கே சுட்டாச்சே. நீங்கதானே ஏழு சாப்பிட்டீங்க.”

“முழுக்கச் சுட்டீங்களா?”

“எப்பிடி முழுக்கச் சுடுற? அடுத்த நாளைக்கு உறையூத்த ஒரு அகப்ப மிச்சம் வைக்கிறதுதானே. அண்டைலருந்து அப்பிடித்தான் நடக்குது. இப்பவும் முட்டிக்குள்ள கிடக்கு.”

மருமகன் என்னைத் தாண்டி நேரே குசினிக்குள் போனார். எந்த மாப்பிள்ளையும் நாற்பது நாளுக்குள் மாமியின் குசினிக்குள் கால் வைத்ததாக எங்கள் குடும்பத்தில் கதையில்லை. அவர் வெங்காயக் கூடையைத் தாண்டி, அரிசி மாப் பேணியைத் தள்ளிவிட்டு, மண்முட்டியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டார். நானும் மகளும் வீட்டுக்காரரும் வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம்.

“உசிரோட இரிக்கி” என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்கு என் மகளின் முகம் மாறியதை நான் எப்படிச் சொல்வேன்.

முட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்துக் கோதுமை மாவும் தண்ணீரும் கலந்து கழுவிய போத்தலில் விட்டார். புதன் காலையில் அதில் நாலைந்து குமிழ். இரவுக்குள் அது தூங்கிவிடும்போல் இருந்தது, எனக்குக் கை துருதுருத்தது. ஒரு துளி சீனி, ஒரே ஒரு துளி என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் சீனிப் பேணியைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். வியாழன் காலையில் மருமகன் என்னைக் கூப்பிட்டார். ஆம், மகளை அல்ல, என்னை. “மாமி, வந்து பாருங்க.” போத்தலில் மா கழுத்துவரை எழும்பியிருந்தது.

வெள்ளிக்கிழமை சுபஹுக்கு முன்பே பேக்கரிக்குப் போனவர் ஜும்ஆ தொழுதுவிட்டுத்தான் வந்தார். அஸருக்குப் பிறகு பாண் ஆட்டோ புறப்படும் பாட்டு கேட்டது. வழக்கமாக அந்தப் பாட்டு எனக்கு எரிச்சல், பகல் தூக்கத்தைக் கெடுக்கும். அன்று அது மருதமுனைப் பக்கம் போய்த் தேய்ந்து மறையும்வரை நாலு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தேநீர் ஆறியது. மகள் சோபா உறையின் நூலை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தாள், நான் பார்த்தும் ஏசவில்லை. வீட்டுக்காரர் தஸ்பீஹ் மணியை உருட்டினார்.

பொழுது சாய்ந்து, மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் பாட்டு திரும்பி வந்தது. எங்கள் வாசலில் ஆட்டோ நின்றது. ஓட்டுகிறவர் இறங்கி, பின்னாலுள்ள கண்ணாடிக் கதவைத் திறந்து காட்டினார். தட்டில் பாண் துகள்கள்தான் இருந்தன.

“முதல்ல ஒரு ஹாஜியார் ஏசினாரு, தோல் கடினமாம், பல்லு போயிடுமாம். அடுத்த ஒழுங்கையில பின்னாலயே மோட்டர் சைக்கிள்ல வந்து இன்னும் ரெண்டு குடு எண்டு வாங்கிட்டுப் போறாரு. லேசாத் தேங்காய் மணக்குது எண்டுதான் எல்லாரும் கேக்குறாங்க. கடைசிப் பாண என்ட வீட்டுக்கு வெச்சிட்டன், ஓம், சொல்லிப்போட்டன், பிறகு களவு எண்டு சொல்லாதீங்க.”

மகள் எழுந்து உள்ளே ஓடினாள். அறைக்குள்ளிருந்து கேட்ட சத்தம் அழுகையா சிரிப்பா என்று இந்தத் தடவை எனக்குச் சந்தேகம் வரவில்லை. வீட்டுக்காரர் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு, சீனிப் பேணியைத் திருப்பிக் கொண்டுவந்து தந்தார். நான் என்ன செய்தேன் என்று கேட்டால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆட்டோக்காரருக்கு ஒரு பீங்கான் நிறைய வட்டிலப்பம் வைத்துக் கொடுத்தேன். அவர் போதும் என்றார். நான் இன்னொரு துண்டு வைத்தேன். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் திருத்திக்கொள்ள முடியுமா?

மறுநாள் மருமகன் தோஹாவுக்கு வீடியோ கோல் எடுத்தார், வரவில்லை என்று சொல்ல. பிரெஞ்சுக்கார முதலாளி வெள்ளைத் தாடியோடு திரையில் வந்தார். முதலில் முகம் வாடியது. பிறகு லெவான் எப்படி இருக்கிறது என்று கேட்டார். மருமகன் ஃபோனை என் பக்கம் திருப்பினார். நான் முட்டியைத் தூக்கிக் காட்டினேன். தேங்காய்த் தண்ணீரும் அரிசி மாவும் என்று மருமகன் ஆங்கிலத்தில் விளக்க, அவர் தலையில் கை வைத்துச் சிரித்தார். உங்கள் ஊரில் இதற்கு என்ன பேர் என்று கேட்டாராம்.

“லெவான்” என்றேன், வகுப்பில் இடாப்புக் கூப்பிடும் குரலில்.

அந்தப் பேர் இப்போது என் கையில் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் கோப்பையோடு வந்து “டீச்சர், கொஞ்சம் லெவாங் தாங்களன், ஆப்பத்துக்கு” என்று கேட்டபோது திருத்த வாயெடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன். கோப்பை நிறையக் கொடுத்து, மாவும் தண்ணீரும் மட்டும்தான், வேறு ஒன்றும் போடக்கூடாது என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பிளேன் புறப்பட இருந்த நேரம், தேநீர் கொண்டுபோனேன். மருமகன் பேக்கரிக்குப் போயிருந்தார். மகள் அலுமாரிக் கண்ணாடிக்கு நேரே நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். கண்ணாடியின் ஓரத்தில் அந்தக் கடதாசி இல்லை.

“டிக்கெட் எங்க புள்ள?”

“குசினியில பாருங்க உம்மா. காலையில போத்தல் மூடுற துணி ஈரமாக் கிடந்திச்சாம்.”

போய்ப் பார்த்தேன். போத்தலின் வாயில் டிக்கெட்டை விரித்து, றப்பர் வளையம் போட்டு இறுக்கியிருந்தார். உள்ளே மா எழும்பி, கொழும்பு – தோஹா என்று அச்சடித்த இடத்தை மெல்ல மேலே தள்ளிக்கொண்டிருந்தது.